வடவள்ளி மாடி அறை: செங்கல் சுவருக்குள் இசை கேட்க என்னென்ன செய்தோம்

கோவை வடவள்ளியில் இருக்கும் என் மாமா, பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கர்நாடக சங்கீத இசைத்தட்டுகள் அலமாரி நிறைய வைத்திருக்கிறார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மார்பளவு உயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். மாடியில் காலியாகக் கிடந்த 12 அடிக்கு 12 அடி அறையில் அவற்றை வைத்தார். அறையின் உயரம் 10 அடி. நடுவில் ஒரு நாற்காலி. கேட்க உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம்தான்.

“நாற்காலியில உக்காந்தா மிருதங்கத்துல தொப்பியே கேக்கறதில்லீங்க மாப்ள. எந்திரிச்சு கதவுகிட்டப் போனா குடம் உருட்டற மாதிரி இடிக்குது” என்றார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம், தாழ்ந்த ஒலி தருவது.

கடைக்காரர் சொன்னபடி, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்று வந்தது. நாற்காலியில் அப்போதும் தொப்பி கேட்கவில்லை, கதவருகே இடி மட்டும் இரட்டிப்பானது. பிறகு இணையத்தில் பார்த்து ஒரு அங்குல ஃபோம் பலகைகளை நான்கு சுவரிலும் ஒட்டினார். தம்புராவின் மினுமினுப்பும் ஜால்ராவின் கூர்மையும் போயின. அடியில் இருந்த இரைச்சல் அப்படியே நின்றது. என்னைக் கூப்பிட்டது அதன் பிறகுதான். நான் அளவீட்டு மைக்கும் லேப்டாப்புமாக இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். இதுவரை பார்த்தவற்றில் நம் ஊர் வீடுகளின் பிரச்சினையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய அறை இதுதான், எனவே முழுதாக எழுதிவைக்கிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. இசை அறை பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்க வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே உட்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி மோதும்போது அந்தப் பலகை அசைகிறது, அசைவதால் ஒலியின் ஆற்றலில் ஒரு பகுதி அதிலேயே தீர்கிறது. 125 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 125 முறை அதிரும் தாழ்ந்த ஒலியில், அப்படிப்பட்ட சுவர் தன்மேல் விழும் ஒலியில் ஏறக்குறைய 29 சதவீதத்தை உறிஞ்சும் என்று ஒலியியல் அட்டவணைகள் சொல்கின்றன. பெயின்ட் அடித்த செங்கல் சுவருக்கு அதே அட்டவணையில் இருக்கும் எண் 1 சதவீதம். மாமா வீட்டில் சுற்றிலும் 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி வெளியேறவும் வழியில்லை, உள்ளே தேயவும் வழியில்லை. அமெரிக்க வீட்டில் பாஸை வீடே பாதி கவனித்துக்கொள்கிறது, அதனால் அவர்களுடைய அறிவுரை மேல்சுருதி எதிரொலியைப் பற்றியே அதிகம் பேசுகிறது. அதை இங்கே அப்படியே பின்பற்றினால் மேலே மந்தமும் கீழே இரைச்சலும்தான் மிஞ்சும்.

சதுர அறையின் கணக்கு

கோவை வெப்பநிலையில் ஒலி வினாடிக்குச் சுமார் 1135 அடி போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எதிரெதிரே 12 அடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் இருந்தால், 24 அடி அலைநீளம் கொண்ட ஒலி அவற்றுக்கிடையே போய்த் திரும்பி, நகராமல் நிற்கும் நிலையலையாகிவிடும். 1135-ஐ 24-ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். சதுர அறையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அதே 47 வருவதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அடுத்த மடங்கான 95-இலும் அதே கதை. உயரத்துக்கு உரியது 57.

நிலையலைக்குச் சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், அறையின் மையத்தில் பூஜ்யத்தை ஒட்டி வரும். மாமாவின் நாற்காலி இருந்தது சரியாக மையத்தில், கதவு இருந்தது மூலையில். அவர் சொன்ன புகார் இந்தக் கணக்கோடு வரிக்கு வரி பொருந்தியது. மைக்கை நாற்காலியில் காது உயரத்தில் நிறுத்தி 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலியை (ஸ்வீப்) ஓட்டினேன். வரைபடத்தில் 47-ஐச் சுற்றி ஆழமான பள்ளம் விழுந்தது. மைக்கைக் கதவு மூலைக்கு எடுத்துப் போனதும் அதே இடத்தில் மேடு. இந்த நிலையில் எத்தனை பெரிய சப்வூஃபர் வந்தாலும் பள்ளம் நிரம்பாது, மேடுதான் இன்னும் உயரும்.

அடுத்து எதிரொலி நேரம். ஒலி நின்ற பின் 60 டெசிபல் தேய எடுக்கும் வினாடிகளே இந்தக் கணக்கு. இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். அங்கே ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் பேச்சு புரியாமல் எதிரொலித்தது. 1895-இல் தொடங்கி இரவு நேரங்களில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். காலி அறையில் ஐந்தரை வினாடி நின்ற ஒலி, மெத்தை கூடக் கூடக் குறைந்தது. அறையின் கன அளவை உறிஞ்சும் பரப்பால் வகுக்கும் அவருடைய சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

மாமாவின் அறையில், ஃபோம் ஒட்டிய நிலையில், 2000 ஹெர்ட்ஸில் கால் வினாடிக்குச் சற்று மேல். 63 ஹெர்ட்ஸில் ஒன்றரை வினாடி. மூச்சுவிடும் ஒலி சட்டென்று சாகிறது, தொப்பியின் ஒலி அடுத்த ஆவர்த்தனம் வரை தங்குகிறது. ஒரு அங்குல ஃபோம் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும், ஏனென்றால் உறிஞ்சும் பொருளின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கை எட்டும்போதுதான் அது முழு வலுவோடு செயல்படும். 47 ஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு என்பது 6 அடி. அதனால் ஃபோமை எல்லாம் முதலில் பிய்த்தெடுத்தோம். பசையோடு பெயின்ட்டும் பெயர்ந்து வந்தது, அத்தைக்கு அதில் வருத்தம்.

ஒரு சுவர் போனது

இந்த அறைக்கு அடுத்தாற்போல் 12 அடிக்கு 5 அடியில் சாமான் அறை ஒன்று, இரண்டுக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர். வீடு கான்கிரீட் தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடம். இருந்தாலும் வீட்டைக் கட்டிய பொறியாளரை வரவழைத்து, அந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கை வைத்தோம். பழைய சுமைதாங்கிச் சுவர் வீடு வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

சுவர் போனதும் அறை 17 அடிக்கு 12 அடி, உயரம் 10. நீளவாக்கில் 33 ஹெர்ட்ஸ், அகலத்தில் 47, உயரத்தில் 57, மீண்டும் நீளத்தின் இரண்டாம் மடங்கு 67. ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரவலாக அமைந்துவிட்டன. விகிதங்களுக்கென்றே பெரிய பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு அரை அங்குலத்துக்காகச் சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றில் எந்த இரண்டும் சமமாகவோ ஒன்று மற்றொன்றின் இரு மடங்காகவோ இல்லாமல் பார்த்துக்கொண்டால், வீட்டு அறைக்கு அதுவே பெரிய லாபம்.

கன அளவு 58 கனமீட்டருக்குச் சற்றே குறைவு. எதிரொலி நேரத்தை 0.35-க்கும் 0.4-க்கும் இடையில் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சூத்திரத்தில் இந்தக் கன அளவைப் போட்டால் 0.21 வினாடி வரும். அது ஒலிப்பதிவுகளைச் சோதித்து மதிப்பெண் போடும் அறைகளுக்கான கணக்கு. வீட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவருக்கு அந்த வறட்சி ஒத்துவராது, முக்கியமாக வாய்ப்பாட்டுக்கு. 0.37 வேண்டுமென்றால் சபைன் கணக்குப்படி 25 சதுரமீட்டர் முழு உறிஞ்சு பரப்பு வேண்டும். அதை எங்கே, எந்தத் தடிமனில் வைப்பது என்பதில்தான் மொத்த வேலையும் இருந்தது.

அசையும் கூரை

அமெரிக்க வீட்டுக்குத் தானாகக் கிடைக்கும் அசையும் பலகையை நாம் கூரையில் கட்டினோம். வரவேற்பறையில் அலங்காரத்துக்குப் போடுகிறோமே, அதே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்தான். பன்னிரண்டரை மில்லிமீட்டர் பலகை சதுரமீட்டருக்கு எட்டரைக் கிலோ அளவில் எடை வரும். அதன் பின்னால் 6 அங்குலக் காற்றிடைவெளி விட்டால், பலகை எடையாகவும் அடைபட்ட காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஆடும். 60-ஐ, எடையையும் இடைவெளியையும் பெருக்கி வந்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். இடைவெளியை மீட்டரில் போட வேண்டும். எங்களுக்கு 53 ஹெர்ட்ஸ் வந்தது. இடைவெளியில் ராக்வூல் என்னும் கல் இழைப் பஞ்சைப் பரப்பியதும் உறிஞ்சும் வீச்சு அகலமாகி, 47-ஐயும் 57-ஐயும் ஓரளவு 67-ஐயும் பிடித்துக்கொண்டது. அரையடி உயரம் போனதற்குக் கிடைத்த பலன் இது. செலவழித்த ரூபாய்க்கு இந்த அறையில் இதைவிட அதிகம் தந்தது வேறொன்றும் இல்லை.

ஃபால்ஸ் சீலிங் போடும் தம்பிகளிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. விளக்குக்காக வட்ட ஓட்டை போடவே கூடாது, ஓட்டை விழுந்தால் அடைபட்ட காற்று ஸ்பிரிங்காக இருக்காது. சுவரோடு பலகை சேரும் விளிம்பைச் சிலிகான் வைத்து மூட வேண்டும். விளக்குகளைச் சுவரில் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

நாற்காலிக்குப் பின்சுவர் முழுக்க, தரையிலிருந்து 7 அடி உயரத்துக்கு, கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல். 50 மில்லிமீட்டர் பலகைகள் மூன்றை அடுக்கி, சுவருக்கும் அதற்கும் நடுவே இன்னொரு 50 மில்லிமீட்டர் காலியாக விட்டோம். நான்கு மூலைகளிலும் 2 அடி முகம் வருமாறு குறுக்காக, தரையிலிருந்து கூரை வரை அதே பொருள். மூலையில் எல்லா நிலையலைகளுக்கும் அழுத்தம் உச்சம் என்பதால் அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் பலன் கூடுதல். ஆசாரி செய்துகொடுத்த சட்டங்கள் எளிமையானவை, தேக்கெல்லாம் தேவையில்லை, சில்வர் ஓக் போதும்.

மாமாவுக்கு ஓர் ஆசை இருந்தது. பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கிறது, தென்னை நார் மலிவு, கண்ணாடித் துகள் மாதிரி அரிக்கும் ராக்வூலுக்குப் பதில் நாரையே அடைத்தால் என்ன என்றார். நியாயமான கேள்வி. தென்னை நாரின் இழை ராக்வூல் இழையைவிடப் பல மடங்கு பருமன். காற்று அதற்குள் தடையில்லாமல் புகுந்து வெளியேறிவிடும், உரசலில் ஆற்றல் தீர்வது குறைவு. அதே வேலை செய்ய நாரை அதிகத் தடிமனில் நன்றாக அழுத்தி அடைக்க வேண்டும், அந்த இடம் எங்களிடம் இல்லை. ஆனால் நாரை அடியோடு ஒதுக்கவும் இல்லை. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே டைல்ஸ் மேல் நார்ப்பாயை விரித்து, அதன்மேல் பவானி ஜமக்காளம் போட்டோம். தரையிலிருந்து எகிறி வரும் மேல்சுருதி எதிரொலியை அது பார்த்துக்கொள்கிறது. கனத்த தரைவிரிப்புகூட 125 ஹெர்ட்ஸில் 2 சதவீதம்தான் உறிஞ்சும், ஆகவே பாஸ் விஷயத்தில் ஜமக்காளத்திடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ராக்வூல் மேல் போர்த்தும் துணிக்கு ஒரு சோதனை உண்டு. துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊத வேண்டும். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட்டால் அந்தத் துணி ஒலியையும் விடும். அத்தை கடையில் நின்று அடுக்கடுக்காகத் துணிகளை ஊதிப் பார்த்தார். சோபாத் துணி எதுவும் தேறவில்லை. கடைசியில் தேறியது சாதாரண காடாத் துணி. அதைச் சாயம் போட்டு வாங்கினோம்.

பக்கச் சுவர்களில் வேண்டுமென்றே கொஞ்சம்தான் வைத்தோம். ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக, கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே முதல் பிரதிபலிப்பு வரும் இடம். அங்கே உறிஞ்சு பலகை வைத்தே ஆக வேண்டும் என்பது பரவலான கட்டளை. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலும் வேலை செய்த ஃபிளாய்ட் டூலின் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன: ஸ்பீக்கர் பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பதாக இருந்தால், பக்கச் சுவர்ப் பிரதிபலிப்பைப் பலரும் விரும்பவே செய்கிறார்கள், ஒலிவெளி விரிந்து தெரிகிறது. மாமாவிடம் இருப்பதில் பெரும்பகுதி மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றைத் தடப் பதிவு. மோனோவில் பக்கச் சுவரையும் கொன்றுவிட்டால் பாடகர் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போவார். பக்கத்துக்கு இரண்டு சிறிய பலகைகள் வைத்தோம், மீதிச் சுவரில் ஆழம் மாறி மாறி அடுக்கிய புத்தக அலமாரிகள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. அறை ஸ்டூடியோ மாதிரி இல்லாமல் வீடு மாதிரி இருக்கிறது.

வெளிச் சத்தமும் உள்ளே காற்றும்

இரு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சத்தத்தைத் தடுப்பதில் அருமையானது, 50 டெசிபல் வரை வெட்டும். இந்த விஷயத்தில் நம் வீடுகளுக்கே மேல்கை. ஆனால் சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தால் போதும், மொத்தத் தடுப்பும் 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். மாமா வீட்டில் அந்த நூற்றில் ஒரு பங்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு மேலே பழைய வென்டிலேட்டர், கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடுக்கு, ஏசி குழாய் போன ஓட்டை. வென்டிலேட்டரைச் செங்கல் வைத்துப் பூசினோம். கதவு நெளியாத கனத்த பலகைக் கதவாக மாறியது, சுற்றிலும் ரப்பர் பீடிங், சாத்தும்போது கீழே இறங்கி இடுக்கை அடைக்கும் பட்டை. ஜன்னலில் 4 அங்குல இடைவெளி விட்டு 10 மில்லிமீட்டரில் ஒன்று, 6 மில்லிமீட்டரில் ஒன்று என இரட்டைக் கண்ணாடி. தடிமன் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம், இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து பலவீனமாகிவிடக் கூடாது என்பது.

இப்படி அடைத்த அறையில் நாலு பேர் உட்கார்ந்தால் அரை மணியில் புழுங்கும், தலை கனக்கும். ஏசி உள்ளிருக்கும் காற்றையேதான் சுற்றிவிடுகிறது. அதனால் பக்கத்துக் கூடத்திலிருந்து காற்றை இழுக்கும் சிறு விசிறியை, உள்ளே ராக்வூல் பதித்த வளைந்த பெட்டி வழியாக இணைத்தோம். ஏசி தேவைக்கு ஒரு படி பெரியது, கேட்க ஆரம்பிக்கும் முன் குளிரவைத்துவிட்டு மிகத் தாழ்ந்த வேகத்தில் விட்டால் இரைச்சல் தெரிவதில்லை. வெளி யூனிட்டை இந்த அறையின் சுவரில் மாட்டாமல் பின்கட்டுச் சுவருக்குக் கொண்டுபோனோம். சீலிங் ஃபேனைக் கழற்றியதற்கு இரைச்சல் மட்டும் காரணமல்ல. சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி நடுங்கும், நீண்டு நிற்கும் தம்புரா சுரத்தில் அந்த நடுக்கம் நன்றாகக் காதில் விழும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெயின் பலகையிலிருந்து 4 சதுரமில்லிமீட்டர் கம்பியில் தனி லைன், கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் எர்த், வீட்டு இன்வெர்ட்டரோடு தொடர்பே இல்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பவர் கேபிள்களை மாமா கேட்டார், அந்தப் பணத்தை இரண்டாவது சப்வூஃபருக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நாற்காலி, ஸ்பீக்கர், இரண்டாவது சப்வூஃபர்

ஸ்பீக்கர்களை முன்சுவரிலிருந்து 4 அடி தள்ளி, பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடியில், தங்களுக்குள் 7 அடி இடைவெளியில் நிறுத்தினோம். முன்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் உள்ள தூரம் வேறுபட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டிலிருந்தும் திரும்பி வரும் ஒலி ஒரே அதிர்வெண்ணில் பள்ளம் பறிக்கும். நாற்காலி முன்சுவரிலிருந்து 11 அடியில், பின்சுவரை விட்டு 6 அடி முன்னால். நீளத்தின் மையமான எட்டரை அடியைத் தாண்டியாயிற்று. அகலத்தில் மட்டும் சரியாக நடுவில், ஏனென்றால் இடமும் வலமும் காதுக்குச் சமமாக வர வேண்டும்.

மிச்சமிருந்தது 33 ஹெர்ட்ஸ். கூரையும் மூலைகளும் அவ்வளவு கீழே இறங்கி வேலை செய்யாது. இங்கே கைகொடுத்தது, ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட சப்வூஃபர் ஆய்வு. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொரு சப்வூஃபர் வைத்தால், அந்தத் திசையின் முதல் நிலையலையை ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து அதைக் கிளப்பவே முடியாது. அகலத்தின் நடுவில் இருப்பதால் 47-ஐயும் அவை கிளப்புவதில்லை. மாமாவிடம் இருந்ததை முன்சுவர் நடுவிலும், அதே மாதிரி இன்னொன்றைப் பின்சுவர் நடுவிலும் வைத்தோம். ஒன்றே நின்றபோது வரைபடத்தில் இருந்த 33 ஹெர்ட்ஸ் மேடு, இரண்டாவதை இயக்கியதும் எங்கள் கண் முன்னாலேயே அமுங்கியது. ஒலியளவைக் கூட்ட ஒருவர் இரண்டாவது சப்வூஃபர் வாங்கினால் நான் வேண்டாமென்பேன், ஒலியைச் சமன் செய்ய வாங்கினால் தாராளமாக வாங்கலாம்.

அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டிஜிட்டல் ஈக்வலைசர் பற்றிப் பேச்சு வந்தபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “வட்டு கேக்கறதுக்கு நடுவுல கம்ப்யூட்டர் எதுக்குங்க?” என்றார். முக்கிய ஸ்பீக்கர்களுக்குப் போகும் சிக்னலைத் தொடாமல், சப்வூஃபர்களுக்கு மட்டும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிறு வெட்டு கொடுத்ததோடு நிறுத்தினோம். மேட்டை மட்டுமே வெட்டினேன், பள்ளத்தை நிரப்பப் போகவில்லை. மான்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த சூத்திரப்படி இந்த அளவுள்ள அறையில் 160 ஹெர்ட்ஸ் வாக்கில் ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே நாம் கேட்பதை அறைதான் பெரிதும் தீர்மானிக்கிறது, அதற்கு மேலே ஸ்பீக்கரின் குணம். மேலே போய் ஈக்வலைசரால் நல்ல ஸ்பீக்கரைத் திருத்துவது அவசியமில்லாத வேலை.

எல்லாம் பொருத்திய பிறகு அதிர்வு வேட்டை. 20-இலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சுரத்தைச் சத்தமாக ஓடவிட்டு அறையைச் சுற்றி வந்தோம். 41-இல் ஏசியின் முகப்பு மடல் கரகரத்தது, 58 பக்கம் ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு சேனல். 80-ஐத் தாண்டியதும் எங்கோ கண்ணாடி கிணுகிணுவென்றது, அறையில் எதைத் தொட்டாலும் நிற்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் பக்கத்து அறை பீரோவின் நிலைக்கண்ணாடி. அத்தை அதன் பின்னால் மடித்த அட்டையைச் சொருகியதும் நின்றது. மடலுக்கு ஃபெல்ட் பட்டை, சேனலுக்குக் கூடுதலாக ஒரு திருகு. அடுத்த நாள் மறுபடியும் ஒரு சுற்று ஓட்டிய பிறகே ஆசாரிக்குக் கணக்கு முடித்தோம்.

என்ன மாறியது

எதிரொலி நேரம் 250 ஹெர்ட்ஸிலிருந்து மேலே 0.35-க்கும் 0.4-க்கும் நடுவில் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. 63-இல் ஒன்றரை வினாடி இருந்தது இப்போது 0.6. நாற்காலி இடத்தில் 47-இன் பள்ளம் முழுதாகப் போகவில்லை, ஆனால் தேடினால்தான் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது.

வரைபடத்தைவிட நான் அதிகம் நம்பிய சோதனை மிருதங்கம். அதன் வலது பக்கமான வலந்தலையில் கரணை என்னும் கருப்புப் பசை பூசியிருப்பதால் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவான முழு எண் விகிதத்தில் அமைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். வலந்தலையின் அந்தச் சுருதிச் சுத்தம் பழைய அறையிலும் ஓரளவு கேட்டது, அது மேலே இருக்கும் சங்கதி. தொப்பி அப்படியில்லை. ரவைப் பசை அப்பிய அந்த இடது பக்கத்தின் ஒலி, அறையின் நிலையலைகள் ஆளும் ஆழத்தில் இறங்குகிறது. வித்வான் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி நகர்த்தி கும்கி வாசிக்கும்போது சுருதி வழுக்கி ஏற வேண்டும். மோசமான அறையில் அது வழுக்காது. நிலையலை நிற்கும் அதிர்வெண்ணைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொண்டு ‘கும்’ என்று வீங்கும், அதைக் கடந்ததும் காணாமல் போகும். எல்லா வித்வானும் ஒரே கும்கியை வாசிப்பதாகத் தோன்றும். இப்போது ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டால் கும்கி ஏறி இறங்கும் வழி முழுதும் தொடர்ந்து கேட்கிறது, எங்கே கையை எடுத்தார் என்பதுகூடத் தெரிகிறது. ஒரே வட்டில் இரண்டு கச்சேரி மிருதங்கங்களுக்கு வித்தியாசம் தெரிந்ததும் மாமா ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தார். புது அறைக்கு மதிப்பெண் போட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

செலவு மூன்றரை லட்சம் ரூபாய் வாக்கில். அதில் ஒரு லட்சத்துக்கு மேல் கதவு, ஜன்னல், ஏசிக்கே போனது. ராக்வூல், சட்டம், துணி, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சேர்த்தாலும் அவருடைய ஆம்ப்ளிஃபயர் விலையில் பாதியை எட்டவில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் குறையும், சுவரை இடித்துப் பூசும் கூலியும் சாமான் அறையை வேறிடத்துக்கு மாற்றும் செலவும் இருக்காது. வரைபடம் போடும்போதே அறையை நீள்சதுரமாக்கி, வென்டிலேட்டர் வேண்டாம் என்று பொறியாளரிடம் சொல்லி, ஏசி குழாய்க்கும் காற்றுப் பெட்டிக்கும் வழி விட்டுவைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மழைக்காலத்தில் பின்சுவரில் ஈரம் இறங்கினால் ராக்வூலுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும், அதற்காகத்தான் அந்த 50 மில்லிமீட்டர் இடைவெளி. சட்டங்களைத் திருகு கழற்றி இறக்கிப் பார்க்கும்படி செய்திருக்கிறோம், கரையான் பார்க்கவும் அது உதவும். பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் ஓடும்போது தரை வழியாக மெல்லிய ரீங்காரம் ஒன்று வருகிறது. அது தண்ணீர் ஏற்றும் நேரம் தெரியும் என்பதால் மாமா அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுகிறார்.

கோயில் திருவிழா சமயத்தில் தெருமுனை ஸ்பீக்கர்களின் அடிச்சத்தம் இன்னும் உள்ளே வருகிறது, வருவது ஜன்னல் வழியாகத்தான். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தால் அதுவும் நிற்கும். மாமா அதற்குத் தயாராக இருந்தார், நான் வேண்டாமென்றேன். ஒரே கதவு உள்ள அறையில், வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடாகும் இடத்தில், ஏதாவது தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி அது. ஜன்னலின் இரண்டு கண்ணாடிச் சட்டங்களும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி வைத்திருக்கிறோம், கம்பியும் கீல் போட்ட கம்பிதான்.